அக்ரிலிக்குக்குப் பின்னால் உன் பெயர்

அம்மா, உன் போர்டு ஒரு மரப்பலகைக்கு அடியில் கிடக்கிறது. பலகைக்கு மேலே ரேவதி அக்கா மார்பிள் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறாள். பசை நன்றாகப் பிடிக்கும்வரை அதை அசைக்கக்கூடாது, ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்கவும் கூடாது. அதுவரை எனக்கு இங்கே கடையில் வேறு வேலை இல்லை. பிரிண்ட் சரியாக வராத தாள்கள் மூலையில் நிறையக் கிடக்கின்றன. அவற்றின் வெள்ளைப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு பல் டாக்டரின் பெயர் பாதியும், ஸ்வீட் கடையின் லட்டு பாதியும் தெரியும். அதைக் கண்டுகொள்ளாதே.

கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குப் போகும் மகளைத் தாய் பக்கத்தில் உட்கார வைத்து, போகிற இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். நம் வீட்டில் போகிறவள் நீ. சொல்லி அனுப்ப நான்தான் இருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் முடியும்வரை நான் தாய், நீ மகள். நேரில் சொல்ல எனக்கு வராது, அது உனக்கே தெரியும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு இன்னொரு வசதி.

முதலில் உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பத்தாவது படிக்கும்போது நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அப்பா இறந்த வருஷம் என்பதால் கஷ்டத்தில் நிறுத்திவிட்டாய் என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். நீயும் மறுத்துச் சொல்லவில்லை. உண்மை நம் இருவருக்கும் தெரியும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தமே வராது. பின்னால் யாராவது சிரிப்பார்கள். நீ என்னை அடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்திருந்து, வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டுக்கு இந்த போர்டு கடைக்குக் கூட்டிவந்தாய். "இவ பேச மாட்டா. ஆனா சொன்னதக் கேட்டுக்குவா" என்று ரேவதி அக்காவிடம் சொன்னாய். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே, ஒட்டறதுக்கு ஆளு வேணும்" என்றாள்.

அப்படித்தான் நான் ஒட்டுகிறவள் ஆனேன். அக்கா கம்ப்யூட்டரில் டிசைன் செய்து பிரிண்ட் எடுப்பாள். அந்த பிரிண்டின் முகத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் டபுள் சைடு ஸ்டிக்கரை ஒட்டி, அதை அக்ரிலிக் பலகையின் பின்பக்கத்தில் பதிப்பது என் வேலை. முன்னாலிருந்து பார்க்கும்போது எழுத்து பலகைக்கு உள்ளேயே இருப்பது போலத் தெரியும். கையால் தொட்டால் எழுத்து தட்டுப்படாது. மழை வெயில் படாத இடத்துக்கு, டாக்டர் ரூமுக்கு, ஆபீஸ் சுவருக்கு, கடைக்குள்ளே இருக்கும் விலைப்பலகைக்கு இப்படித்தான் கேட்கிறார்கள். வேலை சின்னது, ஆனால் திருத்த முடியாது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரிக்கக்கூடாது. பிரித்தால் மையும் கூடவே வந்துவிடும். நடுவில் ஒரு தலைமுடி மாட்டினால் அந்தப் பலகை உடையும்வரை அது அங்கேயே இருக்கும்.

நீ பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறாய். உன் வேலையும் அப்படித்தான். எவர்சில்வரில் மெஷின் முனை இறங்கிவிட்டால் அழிக்க முடியாது. அதனால்தானோ என்னவோ நாம் இருவரும் சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசிக்கொள்வோம். நீ பேசுவாய், நான் கேட்பேன். அப்படித்தான் அவரைப் பற்றியும் கேட்டேன்.

யாரோ ஒரு அம்மா மகளின் சீர்ப் பாத்திரங்களோடு வந்து, உன் கழுத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாண சாமானு. தாலி இல்லாதவ கையால பேர் வெட்டினா நல்லாவா இருக்கும்? வேற ஆளு இல்லையா?" என்று முதலாளியிடம் கேட்டாள். நீ மெஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பின்னால் ஒரு குடத்தோடு நின்றிருந்தவர், "என்னுதும் கல்யாண சாமான்தான். தங்கச்சி பொண்ணுக்கு. அந்தம்மாவே வெட்டட்டும்" என்றார். அவர்தான் குருவிநத்தம் தணிகாசலம். அன்றைக்கு இதைச் சொல்லும்போது அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே இருந்தாய். குடத்துக்காரரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொன்னாய். ஆனால் அந்த வரியைச் சாப்பாடு முடிவதற்குள் மறுபடியும் சொன்னாய்.

அதற்குப் பிறகு அவர் வந்துகொண்டே இருந்தார். டம்ளர் கொண்டுவந்தார், பால் கேனைக் கொண்டுவந்தார், மறுவாரம் அந்தக் கேனின் மூடியை மட்டும் தனியாகக் கொண்டுவந்தார். வெட்டுவதற்கு வீட்டில் சாமான் தீர்ந்துபோய்க் கடைசியில் கரும்புக் கொல்லைக்கு வாங்கிய புது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "அடுத்த தடவ மாட்ட ஓட்டிக்கினு வருவீங்களா?" என்று முதலாளி கேட்டதற்கு, "கொம்புல எடம் இருக்குது" என்று சொன்னாராமே. நீ இதைச் சொல்லிச் சிரித்தபோது உனக்குப் புரையேறியது. நான் தலையில் தட்டினேன். அப்பா இறந்த பிறகு உனக்குச் சிரித்துப் புரையேறி நான் பார்த்ததில்லை. எனக்கு அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. உனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

அவர் முறையாக வந்து கேட்டபோது நீ என்னைக் காட்டினாய். அவள் சரியென்றால் சரி என்றாய். நான் தலையாட்டினேன். "தலையாட்டாத. வாயத் தொறந்து சொல்லு. அங்க வந்து இருக்கிறியா, மாட்டியா?" என்று கேட்டாய். அவர் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வகுப்பில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாத ஒரு ஆட்டல். தை முடிவதற்குள் கோயிலில் எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாய். பிறகு என்னிடம், பேனர் கீனர் என்று எதுவும் கடையில் பேசக்கூடாது, ஊர் சிரிக்கும் என்றாய்.

நம் பக்கத்தில் காது குத்துக்கே தெருமுனையில் பேனர் வைக்கிறார்கள். ஊரில் எல்லார் கல்யாணத்துக்கும் நீ பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு உன் பெயர் எங்கேயும் இருக்கக்கூடாது என்றால் எப்படி? தெருவில் வேண்டாம், சரி. வீட்டுக்குள் ஒரு போர்டு இருக்கலாம். குருவிநத்தம் வீட்டில் கூடத்துச் சுவரில், உள்ளே வருகிறவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி. இதை ரேவதி அக்காவிடம் சொன்னதும் அவள் எழுத்துகளைக் காட்டத் தொடங்கினாள். சுருள் சுருளாக, பூப்பூவாக எத்தனையோ. எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் எழுத்தில்தான் வேண்டும் என்றேன். புள்ளி புள்ளியாக நீ வெட்டுகிற அந்த எழுத்து. அதை போட்டோ எடுத்துப் பெரிதாக்கிவிடலாம் என்றாள் அக்கா. ஆனால் ஒன்று சொன்னாள்: வளைவான பாத்திரத்தில் எழுத்தும் வளைந்துதான் விழும், தட்டையாக ஏதாவது கொண்டு வா.

அவர் பெயர் தட்டையாக இருப்பது மண்வெட்டியில் மட்டும்தான். அதை அவரிடம் கேட்க வேண்டும். எப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. சார் என்றால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. மாமா என்று கூப்பிட வாய் வரவில்லை. கடைசியில் எதுவும் கூப்பிடாமல், அவர் ஒதியம்பட்டு வழியாக வண்டியில் போகும்போது ரோட்டில் போய் நின்று கையைக் காட்டினேன். மண்வெட்டி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "இன்னாத்துக்கு பாப்பா, தோட்டம் போடப் போறியா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். மறுநாள் மண்ணையெல்லாம் சுரண்டிக் கழுவி, துண்டில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் கொடுக்கிற மனிதர். அதைக் குறித்துவைத்துக்கொள்.

உன் பெயரைத் தேடியபோதுதான் கஷ்டம் தெரிந்தது. வீட்டில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயர் இருக்கிறது. அன்பளிப்பாகக் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. என் டிபன் டப்பாவில் என் பெயரும் இருக்கிறது. மல்லிகா என்று மட்டும் எங்கேயும் இல்லை. இத்தனை வருஷம் மெஷின் கையில் இருந்தும் உன் பெயரை நீ ஒரு ஸ்பூனில்கூட வெட்டிக்கொள்ளவில்லை.

அதனால்தான் அன்றைக்கு உன் கடைக்கு வந்தேன். அங்கேயே புதிதாக ஒரு பெரிய தாம்பாளம் எடுத்து உன் முன்னால் வைத்தேன். நீ ஏதோ விளையாட்டு என்று நினைத்து, "சொல்லு பாப்பா, இன்னா பேரு வெட்டணும்?" என்று கடைக்காரி குரலில் கேட்டாய்.

"உன் பேரு."

"எதுக்கு?"

நான் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் உன் பக்கம் தள்ளினேன். நீ என்னைப் பார்த்தாய், தாம்பாளத்தைப் பார்த்தாய், மெஷினை எடுத்தாய். மல்லிகா என்று வெட்டி முடித்ததும் முனையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாய். பக்கத்தில் யார் பெயரைப் போடுவது என்று யோசித்தாய் என்று நினைக்கிறேன். எதையும் போடாமல் அணைத்துவிட்டாய். நான் தாம்பாளத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஒதியம்பட்டுக்கு பஸ் ஏறினேன். எனக்கு ஒரே சந்தோஷம். எழுத்து அவ்வளவு நேராக வந்திருந்தது.

தட்டை என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது அம்மா. தாம்பாளம் என்றால் ஊரில் வேறு அர்த்தம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. பெண்ணுக்குச் சீர் வரிசை வைத்து அனுப்பும்போது அவள் பெயர் வெட்டிய தாம்பாளத்தைத்தான் முன்னால் தூக்கிக்கொண்டு போவார்கள். அதை எத்தனை பேருக்கு வெட்டிக் கொடுத்திருப்பாய் நீ. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு பற்ற வைக்கவில்லை, நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "சாமானு பிரிச்சுக் குடுத்து என்ன அனுப்பி வெக்கிறே, இல்ல? நீ தனியா இருந்துக்கப் போறே" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரேஷன் கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாய்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வழக்கம்போலத் தலையாட்டினேன். அதை நீ பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் என் தலையாட்டலை இனி நம்பியிருக்க மாட்டாய். "ஞாயித்துக்கெழம அவரு வருவாரு. வேணாம்னு சொல்லிடறேன்" என்று எழுந்துபோய் அரிசி களைந்தாய். அதற்குப் பிறகு அவரைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

நேற்று ரேவதி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட லூசுப் பொண்ணே, போய் வாயத் தொறந்து சொல்லேன்டி. இதுக்கு இன்னா போர்டா அடிக்க முடியும்?" என்றாள். நான் அவளையே பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

நேற்றே ஒட்டிவிடலாம் என்று அவசரப்பட்டேன். கடைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் நெல் அறுக்கும் மெஷின் இறங்கியிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், தரையில் தண்ணீர் தெளித்தேன். அக்ரிலிக்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் பலகைக்கு ஒரு இழுப்பு வரும். காற்றில் இருப்பதையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். துடைத்துத் துடைத்துத்தான் ஒட்டினேன். முடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால், உன் பெயருக்கும் அவர் பெயருக்கும் நடுவில் ஒரு பதர் கிடக்கிறது. கதவிடுக்கு வழியாக வந்திருக்கும். அக்கா அது அழகாகத்தான் இருக்கிறது, விவசாயி வீடுதானே என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. அந்தப் பலகையை ஓரமாக வைத்துவிட்டேன். மெஷின் வேறு நிலத்துக்குப் போகும்வரை காத்திருந்து, இன்று காலை மறுபடி ஒட்டினேன். ஒரு விளிம்பை மட்டும் பிடிக்க வைத்து, ரப்பர் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, அடியில் இருக்கும் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போனேன். நெற்றி வியர்வை விழாமல் இருக்க அக்காவின் துப்பட்டாவைத் தலையில் கட்டியிருந்தேன். ஒரு குமிழ்கூட இல்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போகிற வீட்டில் முதல் நாளே எல்லாரோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்காதே. உனக்கு அந்தக் குணம் உண்டு. புதிதாக யாராவது வந்தால் அவர்களுக்கு எல்லாம் செய்துவிட்டு, மறுநாள் களைத்துப்போய்ச் சிடுசிடுக்கிறாய். ஒரு விளிம்பு முதலில் பிடிக்கட்டும், மற்றது தானாக வரும். அவர் வீட்டுப் பாத்திரங்களில் அவருடைய காலமான முதல் மனைவியின் பெயர் இருக்கும். அவற்றைப் பரணில் ஏற்றாதே. அந்தச் சொம்பில் தண்ணீர் குடி. நம் வீட்டில் அப்பா பெயர் வெட்டிய குடத்தைக் கொண்டுபோகலாமா கூடாதா என்று நீ ஒருநாள் அதைத் தேய்த்துக்கொண்டே யோசித்ததைப் பார்த்தேன். கொண்டுபோகலாம். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கட்டும். நாம் பெயர் வெட்டுகிறவர்கள், ஒட்டுகிறவர்கள். இருக்கிற பெயரை மறைப்பது நம் வேலை இல்லை.

கடைசி ஆளாகச் சாப்பிடாதே. கோபம் வந்தால் நீ பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாய். எனக்கு அந்தச் சத்தம் புரியும், அவருக்குப் புரிய நாளாகும். அதனால் என்ன கோபம் என்று சொல்லிவிடு. வாயைத் திறக்கச் சொல்லி இதை எழுதுகிறவள் யார் என்று நினைத்துச் சிரிக்காதே. கடையில் உன் இடத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதே. அந்த அம்மா பேசியதற்குப் பிறகு முதலாளி உன் மேஜையைக் குடோன் பக்கம் தள்ளிப் போட்டார், நீயும் நல்ல நிழல் என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாய். கல்யாணத்துக்குப் பிறகு முன்னால் வரலாம் என்று நினைக்காதே. கல்யாணத்துக்கு முன்னாலேயே, வருகிற திங்கட்கிழமையே வா. தாலி கட்டிய பிறகு வந்தால் அந்த அம்மா சொன்னது சரி என்று ஆகிவிடும்.

போர்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மேலே உன் எழுத்தில் மல்லிகா. அதற்குக் கீழே, மண்வெட்டியிலிருந்து, உன் எழுத்திலேயே தணிகாசலம். அவர் பெயரை முதலில் போடாதது என் முடிவு, அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கல்யாணப் பத்திரிகையில் அடியில், தங்கள் நல்வரவை விரும்பும் என்று எழுதி, பெண்ணைக் கொடுக்கிறவர்களின் பெயரைப் போடுவார்கள் இல்லையா? அங்கே என் பெயரைப் போட்டிருக்கிறேன். என் டிபன் டப்பாவின் மூடியிலிருந்து எடுத்தது. நீ வெட்டியதுதான்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே பெட்டியோடு போய் உட்கார்ந்துகொள்ளும் தாயை ஊர் பார்த்திருக்காது. இனி பார்க்கும். குருவிநத்தத்திலிருந்து ஒதியம்பட்டுக்கு எப்படி வருவது, எங்கே பஸ் மாற வேண்டும் என்றெல்லாம் அக்காவிடம் விசாரித்துவிட்டேன். தாம்பாளத்தை நீ எடுத்துக்கொள், வெற்றிலை பாக்கு வைக்க ஆகும்.

பலகையின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை நான் உரிக்கவில்லை. சுவரில் மாட்டும்வரை கீறல் விழாமல் இருக்க அதை அப்படியே விடுவோம். அதை நீதான் உரிக்க வேண்டும். நாளைக் காலை அவர் வருவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தையும் போர்டையும் உன் எதிரே வைத்துவிட்டு, ஓடிப்போகாமல் அங்கேயே நிற்பேன். காலையிலிருந்து ரேவதி அக்கா எதிரில் நின்று இரண்டே வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் காற்றுதான் வந்தது. இப்போது பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வருகிறது.

படித்து முடித்துவிட்டாயா? நிமிர்ந்து பார். அன்றைக்கு அவர் எதிரில் என்னிடம் கேட்ட கேள்வியை மறுபடியும் கேள், அம்மா. என் தலையைப் பார்க்காதே, வாயைப் பார்.